குதிரைக்காரர் கேட்ட ஒரு கேள்வி

டென்மார்க்கில் என் மனைவிக்கு என் பெயர் பத்து இலக்கங்கள். முந்தாநாள் டோஸ்ட்ருப்பில் உள்ள அப்போதெக்குக்கு, அதாவது மருந்துக்கடைக்கு, என்னுடைய இரத்த அழுத்தக் குளிசைகளை வாங்க இருவரும் போனோம். என் மஞ்சள் மருத்துவ அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன். கதவைப் பூட்டினேனா, அடுப்பை நிறுத்தினேனா என்று யோசிப்பதிலேயே எனக்கு இப்படி ஏதாவது ஒன்று தவறிப்போகிறது. வாசலோரக் கதிரையில் இருந்தபடி கடையில் நின்றவர்களை எண்ணினேன். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். முகப்பில் நின்ற இளம்பெண் யாருக்கு மருந்து என்று கேட்க, கணவருக்கு என்றாள் பிலோமினா, நல்ல டெனிஷில். அவருடைய பெயர்? பிலோமினா என் சி.பி.ஆர் இலக்கத்தை, இந்த நாட்டில் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கும் அந்தப் பத்து இலக்கங்களை, ஒப்புவித்தாள். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்காகப் பெயரையும் ஒருதரம் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். பிலோமினா அதே இலக்கங்களை இன்னும் ஆறுதலாகச் சொன்னாள். கிழவிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அந்தப் பெண் குரலை உயர்த்தினாள். மிச்ச எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பிப் போய் என் பெயரைச் சொன்னேன்.

எங்கள் தலைமுறைப் பெண்கள் கணவனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சைவர்களிடம் மட்டுமல்ல, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கரான எங்களிடமும் அந்த வழக்கம் இருந்தது. நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். எண்பத்தோராம் ஆண்டுக் குடிசன மதிப்புக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனேன். ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள். குடும்பத் தலைவரின் பெயர் என்ன என்று கேட்டால் பெண் நிலத்தைப் பார்ப்பாள், சிரிப்பாள், பிறகு உள்ளே திரும்பி, “தம்பி, அப்பாவின்ர பேரை ஐயாவுக்குச் சொல்லு” என்பாள். பிள்ளை இல்லாத வீடென்றால் அயல்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சொல்லிவிடுவாள். ஒரு கிழவியின் கணவன் பெயர் அந்தோனி. அவள் செபம் சொல்லும்போதுகூடப் பதுவைப் புனிதரான அந்தோனியாரை “எங்கட வீட்டுக்காரற்ற பேருள்ளவரே” என்றுதான் மன்றாடுவாளாம். அந்த ஊரில் ஒரு பெண்ணாவது என்னிடம் தன் கணவனின் பெயரைத் தானாகச் சொன்னதில்லை. இந்தச் சின்ன வழக்கம் பின்னாளில் கனடாவின் மத்திய பொலிஸ் அதிகாரி ஒருவர் தன் உத்தியோகக் கதைகளில் மிகவும் விரும்பிச் சொல்லும் கதையாகும் என்றும், அந்தக் கதையில் நிற்பவள் என் மனைவி என்றும் எனக்கு அன்று எப்படித் தெரியும்?

அந்த அதிகாரிக்கு எங்கள் வீட்டில் பெயர் குதிரைக்காரர். இளவயதில் சிவப்புச் சீருடையோடு குதிரையில் இருக்கும் அவருடைய படம் ஒன்று எங்களிடம் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்த காலத்தைச் சொல்லவேண்டும்.

நான் எண்பத்தாறில் தனியாக டென்மார்க் வந்தேன். யூலண்டில் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் இருத்தினார்கள். பஸ் குறைவு, எல்லோரும் காரில் போனார்கள், எனக்கு ஒரு பழைய சைக்கிள். தொழிற்சாலையில் போத்தல்களைப் பெட்டிக்கு இருபத்துநான்காக அடுக்கினேன். இங்கே தங்கும் உரிமை கிடைத்ததும் மனைவியையும் மகன் யூட்டையும் அழைக்க விண்ணப்பித்தேன். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் பதில் வரவில்லை. என்னோடு விண்ணப்பித்த மற்றத் தமிழர்களுக்கும் வரவில்லை. அதிகாரிகள் மௌனமாக இருந்தால் எங்களில் பிழை தேடுவது எங்கள் பழக்கம். படம் சிறிதாகிவிட்டது என்றார் ஒருவர். விவாகப் பதிவை மொழிபெயர்த்தவன் சரியில்லை என்றார் இன்னொருவர். என்னோடு வேலை செய்த பெண்ட் என்ற டேனிஷ்காரர் திங்கட்கிழமைகளில் கோப்பி குடிக்கும்போது, “மனைவி வந்துவிட்டாளா?” என்று கேட்பார். இல்லை என்றால், எங்கள் அரசாங்கக் கந்தோர்கள் மெதுவானவை, ஆனால் மறக்காது என்று தோளில் தட்டுவார். அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கோப்புகளை யாரும் மறக்கவில்லை. தமிழர்களின் குடும்பக் கோப்புகளைத் தொடாமல் வைத்திருங்கள் என்று நீதி அமைச்சர் சொல்லியிருந்தார் என்பது பின்னர்தான் நாட்டுக்கே தெரியவந்தது.

ஊரில் நிலைமை இறுகியது. பிலோமினாவின் தம்பி மரியதாஸ் ரொறொன்ரோவில் இருந்தான். டென்மார்க் இனித் திறக்காது, அக்காவையும் பிள்ளையையும் நான் கனடாவுக்கு எடுக்கிறேன், நீங்கள் பிறகு வந்து சேருங்கள் என்றான். ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்தான். கனடாவில் வசிக்கும் கிறிஸ்ரி அல்பிரட் என்பவருடைய மனைவியும் பிள்ளையுமாக இவர்கள் இருவரும் பாங்கொக் வழியாகப் போவது ஏற்பாடு. கொழும்பில் ஒரு அறையில் வைத்து ஏஜென்சிக்காரன் பிலோமினாவைப் பழக்கினான். எப்படி நடப்பது, எந்தக் கையில் கைப்பையைப் பிடிப்பது, யாராவது கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது. புறப்படுவதற்கு முன்பு என்னோடு தொலைபேசியில் கதைத்தாள்.

“கேளுங்கோ, நான் சொல்லிக் காட்டுறன். மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கிறிஸ்ரி அல்பிரட். சரியோ?”

சரி என்றேன். இன்னும் இரண்டு தரம் சொன்னாள். கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் ஒரு கணவனின் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் கேட்டேன். எனக்குள் ஒரு சின்ன எரிச்சல் ஓடியது, பிறகு சிரிப்பு வந்தது. யூட் தொலைபேசியை வாங்கி, “அப்பா, நான் அங்க போகுமட்டும் கதைக்கப்படாதாம்” என்றான். ஆறு வயது. கதைக்காமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

பாங்கொக்கில் கனடா விமானத்துக்கு ஏறும் வாசலில் அவர்களை நிறுத்திவிட்டார்கள். பயணிகளின் கடவுச்சீட்டைப் பார்க்க அங்கே கனடாவின் மத்திய பொலிஸ் அதிகாரி ஒருவர் இருந்தார். உயரமானவர், செம்பட்டை மீசை, முகத்தில் சிரிப்பு. பிலோமினாவிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார். பிறகு அவளையும் பிள்ளையையும் ஒரு பக்கமாக இருத்தினார்கள். அந்த அதிகாரியே பழச்சாறு கொண்டுவந்து கொடுத்து, யூட்டின் சட்டையில் கனடாவின் சிவப்பு இலைச் சின்னம் ஒன்றைக் குத்திவிட்டாராம். அடுத்த விமானத்தில் இருவரும் கொழும்புக்கு. சில நாள் அங்கே மறியல், பொலிஸ் காவலில். பிறகு ஊருக்கு.

ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களில் யூட்டுக்குக் காய்ச்சல். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஊர் டிஸ்பென்சரியில் சொன்னார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பாதை ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்தது. பாதை திறந்தபோது அங்கே போகும் தேவை இருக்கவில்லை. அந்தச் சிவப்பு இலை சட்டையிலிருந்தபடியே அவனை அடக்கம் செய்தார்கள். எனக்குச் செய்தி வந்தபோது நான் பெட்டிக்குள் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியில் பத்தொன்பது போத்தல்களோடு நிறுத்தினேன் என்பது இன்றைக்கும் ஞாபகம்.

அடுத்த வருடம் டென்மார்க்கில் கோப்புகள் அசைந்தன. எனக்கும் பதில் வந்தது: மனைவிக்கு அனுமதி, மகனுக்கு அனுமதி. நான் கந்தோருக்குப் போய் ஒருவர்தான் வருவார் என்று சொன்னேன். அங்கே இருந்த பெண் மிகவும் நல்லவள். மற்ற அனுமதியும் செல்லுபடியாகும், அவசரமில்லை, சில பிள்ளைகள் ஊரில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்றாள். மரணத்துக்கு டெனிஷில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது வரவில்லை. “ஹான் கொமர் இக்க” என்றேன், அவன் வரமாட்டான். யாருக்குத் தெரியும், மனம் மாறலாம் என்று சிரித்தாள். நானும் “தக்” என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிலோமினா பிலுண்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு வந்து இறங்கினாள். முன்பு அவள் என்னைக் கூப்பிடுவது “யூட்டின்ர அப்பா” என்று. அன்றிலிருந்து அது நின்றுபோனது. “இஞ்சேருங்கோ” என்ற ஒன்றுதான் மிஞ்சியது. பிள்ளையைப் பற்றி அவள் அதிகம் கதைக்கவில்லை. கதைத்ததெல்லாம் அந்த வாசலைப் பற்றித்தான். ஏஜென்சிக்காரன் சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை, எல்லாம் சரியாகச் செய்தேன், பிறகு எதில் பிடித்தார்கள்? பாண் வெட்டும்போது கேட்பாள், பனியில் நடக்கும்போது கேட்பாள். “இஞ்சேருங்கோ, அந்தச் சப்பாத்தாயிருக்குமோ? புதுச் சப்பாத்து, காலை வெட்டினது.” சில மாதம் சப்பாத்து, சில மாதம் கைப்பை. தான் எங்கோ ஒரு பிழை விட்டதால்தான் பிள்ளை திரும்பிப் போக நேர்ந்தது என்ற எண்ணத்திலிருந்து அவளை என்னால் இறக்க முடியவில்லை. என்ன பிழை என்று தெரிந்தால் அதையாவது வைத்துக்கொண்டு அழலாம் என்று ஒருமுறை சொன்னாள்.

பிறகு நாங்கள் டோஸ்ட்ருப்புக்கு மாறினோம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி படிப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தொண்ணூற்று மூன்று ஜனவரியில் எங்கள் கோப்புகளை முடக்கியது பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்து, பிரதமர் பதவி விலகி, அரசாங்கமே போயிற்று. தமிழர் வழக்கு என்ற சொல் பேப்பர்களில் பெரிய எழுத்தில் நின்றது. டேனிஷ்காரர்கள் எங்களைப் புதிதாகப் பார்த்தார்கள். ரயிலில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, தங்கள் நாட்டுக்காக மன்னிப்புக் கேட்டார். பெண்ட் கிரின்ஸ்டெட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றார். ஆம் என்றேன். இந்த நாட்டில் ஆம் என்பது மிகச் சின்னச் சொல்.

அந்த வருட வசந்தத்தில்தான் குதிரைக்காரர் வந்தார். தமிழர் வழக்கினால் ஏற்பட்ட ஆர்வத்தில் கொப்பன்ஹேகனில் ஒரு கல்விச் சங்கம் அகதிகள் பற்றிய கூட்டங்களை நடத்தியது. ஒன்றுக்குக் கனடாவின் மத்திய பொலிஸ் உயர் அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார்கள். டோஸ்ட்ருப்புக்கு அருகே இஷொயில் இருக்கும் நண்பர் ராசன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதற்கும் பகிடி விடும் மனிதர். மண்டபத்தில் நூற்றிருபது கதிரைகள், ஏறக்குறைய எல்லாம் நிறைந்திருந்தன, தமிழர் ஏழு பேர். மேடைக்கு வந்த அதிகாரி உயரமாக இருந்தார். மீசை செம்பட்டை. கை கூப்பி “வணக்கம்” என்றார். டேனிஷ்காரர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். உயரமான செம்பட்டை மீசைக்காரர்கள் கனடாவில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திரையில் தன் உத்தியோக வாழ்வைப் படம் படமாகக் காட்டினார். சமவெளிக் கிராமம் ஒன்றில் கோதுமைக்காரரின் மகன். பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து குதிரைப் பயிற்சி. பிறகு வடக்கே, வருடத்தில் பாதி இருட்டாக இருக்கும் குடியிருப்பில் தனியொரு பொலிஸ்காரர். அங்கே பனிப்புயலில் காணாமற்போன ஒரு சிறுமியைத் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிவந்திருக்கிறார். அந்தப் பேப்பர் படம் வந்தபோது அவருடைய குரல் இறங்கிற்று. சிறுமியின் பெயரைச் சொன்னார், இப்போது அவள் ஒரு தாதி என்றார். பிறகு மோசடிப் பிரிவு, கொழும்பில் இரண்டு வருடம், பாங்கொக். தலைமையகம் திரும்பியபின் தோளில் பட்டிகள் ஏறிய படங்கள். கெட்டிக்காரர், கர்வமில்லாதவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதவேண்டும்.

ஆட்களைப் புரிந்துகொள்ளாமல் கடவுச்சீட்டை மட்டும் பார்ப்பதில் பயனில்லை என்று சொல்லி, அதற்கு உதாரணமாக அந்தக் கதையைச் சொன்னார். பாங்கொக்கில் ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்களாம். கடவுச்சீட்டில் ஒரு குறையும் இல்லை. உன் கணவரின் பெயர் என்ன என்று பெண்ணிடம் கேட்டாராம். அவள் கண்ணைப் பார்த்து, தடங்கல் இல்லாமல், மணி அடித்தாற்போல் சொன்னாளாம்: கிறிஸ்ரி அல்பிரட். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது என்றார். “கொழும்பில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ தமிழ் மனைவிமாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். நிலத்தைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், வேறு யாரையாவது சொல்லச் சொல்வார்கள். ஒருத்தியும் பெயரைச் சொன்னதில்லை. அவர் அவளுடைய கணவராக இருந்திருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.”

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. தமிழர்களும் சிரித்தோம், அது அவ்வளவு உண்மை. ராசன் என் காதருகே குனிந்து, “பாத்தீரே, எங்கட பெண்டுகளின்ர வெக்கத்தையும் இவன் விசாவாக்கிப்போட்டான்” என்றார். அவருடைய பகிடிக்கு நானும் சிரித்தேன். பிறகுதான் அந்தப் பெயர் எனக்குள் இறங்கியது. தொலைபேசியில் மூன்று தரம் நான் கேட்ட பெயர். ஆனால் அவளோடு எந்த ஆளும் போகவில்லை, யூட் மட்டும்தான். பிலோமினா ஒரு பிழையும் விடவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். அதிலும் அந்த ஒன்றை மிகமிகச் சரியாக.

கேள்வி நேரத்தில் என் கை தானாக மேலே போனது. ஒலிவாங்கியைக் கொண்டுவந்து தந்தார்கள். அந்தப் பெண்ணோடு ஒரு பிள்ளை இருந்ததா என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தடவினார். “இல்லை, அவளும் அந்த ஆளும் மட்டும்தான். பிள்ளை இருந்திருந்தால் நான் அதனிடம் கேட்டிருப்பேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.” மறுபடி சிரிப்பு. பொலிஸ் நடைமுறையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று எண்ணி, பிள்ளைகளோடு வருபவர்களைத் தங்கள் படை எவ்வளவு கவனமாக நடத்துகிறது என்று விரிவாக விளக்கினார். நன்றி என்று சொல்லி இருந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். நல்ல கேள்வி என்றார். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு இலைச் சின்னத்தை எடுத்து என் கோட்டில் தன் கையாலேயே குத்திவிட்டார். ராசனுக்கும் ஒன்று, பக்கத்தில் நின்ற டேனிஷ்காரிக்கும் ஒன்று. அந்தப் பையில் அது நிறைய இருந்தது. நான் யார் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று பட்டது. அவர் சட்டத்தை மீறவில்லை, பொய் சொல்லவில்லை, என் பிள்ளைக்குப் பழச்சாறு கொடுத்தவர். இதையெல்லாம் ரயிலில் திரும்பத் திரும்ப யோசித்தேன். பிலோமினாவுக்குச் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன். சப்பாத்தில் சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்வது இதைவிடப் பரவாயில்லை என்று நினைத்தேன். கோட்டில் குத்தியிருந்ததை மறந்துபோனேன்.

கோட்டை வாங்கி மாட்டப்போனவள் அப்படியே நின்றாள்.

“இது எங்கால உங்களுக்கு?”

குசினி மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைச் சொன்னதால்தான் பிடித்தார் என்றபோது அவளுடைய வாய் சத்தமில்லாமல் அசைந்தது. அந்த ஆங்கில வரியை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“அவர் சிரிச்சவர்,” என்றாள் கடைசியில். “நான் வடிவாச் சொல்லிப்போட்டன் எண்டெல்லோ நினைச்சன். உங்கட பேரைக் கேட்டிருந்தா நான் வாய் திறந்திருக்கமாட்டன். இஞ்சேருங்கோ, அவருக்கு எங்களை இவ்வளவு தெரியுமோ?”

பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. பிள்ளையைப் பற்றி என்ன சொன்னார்? நான் மேசையைப் பார்த்தேன். மேசைவிரிப்பில் நீலப் பூக்கள், வரிசைக்கு ஒன்பது. அவள் விளங்கிக்கொண்டாள்.

“மறந்துபோட்டாரோ,” என்றாள். அழவில்லை. “சட்டையில குத்தேக்க யூட் அவருக்குத் தேங்க் யூ சொன்னவன். கதைக்கப்படாது எண்டு சொல்லிவச்சும் அதை மட்டும் சொன்னவன். அதுவுமோ மறந்துபோச்சு?”

சப்பாத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பதிலாக, குதிரைக்காரரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். மரியதாஸ் கனடாப் பேப்பர்களிலிருந்து வெட்டி அனுப்புவான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தொலைபேசியில் தம்பியிடம், குதிரைக்காரர் இப்ப எந்த நிலையில என்று விசாரிப்பாள், தூரத்து உறவுக்காரரைக் கேட்பதுபோல. அவர் வளர்ந்துகொண்டே போனார். மாகாணமொன்றுக்குப் பொறுப்பானார், பிறகு முழுப் படையிலும் இரண்டாம் நிலைக்கு வந்தார். நாடாளுமன்றக் குழுவின் முன் இருந்து பதில் சொன்னார். படங்களில் பதக்கங்களை நான் எண்ணுவேன்: நான்கு, ஆறு, ஒரு படத்தில் ஒன்பது. ஓய்வுபெற்றபோது வந்த நீண்ட செவ்வியில் அந்தக் கதையும் இருந்தது. அதற்குள் கதையும் வளர்ந்துவிட்டது. அந்தப் பெண் சிவப்புச் சேலை கட்டிய பேரழகியாக இருந்தாள். வாசித்துக் காட்டியபோது பிலோமினா சிரித்தே விட்டாள். “சிவப்புச் சீலையோ? மண்ணிறச் சட்டையெல்லோ போட்டனான், அதுவும் இரவல்.” அதிலும் பிள்ளை இல்லை. நான் ஒருமுறை முழுதாகவும், அவளுக்காக இன்னொருமுறை தேடியும் பார்த்தேன்.

உங்களில் பலர் இந்த நாடுகளில் ஏதோவொரு கந்தோரின் வாசலில் நின்றிருப்பீர்கள், அதனால் என் மனத்தில் தீராமல் கிடப்பதைச் சொல்கிறேன். டென்மார்க்கில் எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களுக்கு முகம் இல்லை. எங்களை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. கோப்பைத் திறக்காமல் விட்டது மட்டும்தான் அவர்கள் செய்தது. நாடு அதைக் குற்றம் என்று கண்டுபிடித்தது, அமைச்சர் விசாரிக்கப்பட்டார், ரயிலில் கிழவர் மன்னிப்புக் கேட்டார். குதிரைக்காரரோ எங்கள் முகத்தைப் பார்த்தவர். எங்கள் பெண்கள் எப்போது நிலத்தைப் பார்ப்பார்கள் என்றுகூடப் படித்தவர். ஊரில் எங்கள் சொந்த அரசாங்கத்தின் கந்தோர்களில் ஒருவரும் எங்களை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. அவர் செய்தது சட்டப்படி சரியான வேலை. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லமுடியாது. நானும் அதே வேலையைத்தான் செய்தவன், வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதியவன். யாரில் கோபப்படுவது என்று இத்தனை வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். விடை ஒவ்வொரு தரமும் வேறாக வருகிறது.

போன மாரியில் மரியதாஸ் கூப்பிட்டான். “அக்கா, உன்ர குதிரைக்காரர் போட்டார்.” மரண அறிவித்தலை வாசித்துக் காட்டினான். பதவிகள், பதக்கங்கள், மனைவி, மூன்று பிள்ளைகள், அவர்களின் பெயர்கள். பிலோமினா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூசை ஒப்புக்கொடுக்கவேணும் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை, அந்தாளுக்கோ என்றேன். “வேற ஆர் இஞ்ச அவருக்குச் செய்யிறது?” என்றபடி கோட்டைப் போட்டாள். நான் அடுப்பு, கதவு, அட்டை எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் அவள் பங்குக்கோவிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தாள்.

ஞாயிறு டெனிஷ் பூசை. பாதிரியார் போலந்துக்காரர், இளையவர். மன்றாட்டில் இறந்தவர்களின் பெயர்களை இந்த ஊர் வழக்கப்படி முதற்பெயராக மட்டும் வாசித்தார். ஆர்தருக்காக என்றார். குதிரைக்காரரின் பெயர் அதுதான். பிறகு, யூட்டுக்காக என்றார். நான் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். டெனிஷில் என் மகனின் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். போலந்து நாக்கில் அது கொஞ்சம் நீண்டு ஒலித்தது. கோவில் முழுவதும், டேனிஷ்காரர், வியட்நாமியர், எங்களவர், எல்லோரும் சேர்ந்து அந்த இருவருக்காகவும் மன்றாடினார்கள்.

வாசலில் பாதிரியார் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றார். எங்களிடம் வந்ததும் பிலோமினாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, ஆர்தரும் யூட்டும் சகோதரர்களா என்று பரிவோடு கேட்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் திறந்தேன்.

“இல்லை ஃபாதர்,” என்றாள் அவள் டெனிஷில். “அவர்கள் ஒருமுறை சந்தித்தவர்கள்.”

எங்கே என்று கேட்டார் அவர். டென்மார்க்கிலா, உங்கள் நாட்டிலா? பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள், வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது. பிலோமினா யோசித்தாள். நானும் யோசித்தேன். சொல்வதற்கு எங்களிடம் மூன்று நாடுகள் இருந்தன, அதில் ஒன்றும் பொருந்தவில்லை.

“வழியில்,” என்றாள்.